வேதமாணிக்கம் வண்டிக்கு இரண்டு கையெழுத்து

பழைய மோட்டார் சைக்கிளுக்கு விலை பார்க்கப் போகிற வீட்டில் நான் சாயா குடிக்க மாட்டேன். குடித்துவிட்டால் பிறகு அந்த வீட்டு வண்டியைக் குறை சொல்ல நாக்குக் கூசும். முப்பது வருஷமாக இதுதான் என் தொழில். இந்த வழக்கத்தை ஒரே ஒரு நாள்தான் மீறியிருக்கிறேன், பெமிலா. அந்த நாளைப் பற்றித்தான் நீங்கள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

பள்ளிக்கூட யூனிபாரத்தில் பார்த்த பிள்ளையை நீங்கள் என்று எழுதக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது இது வியாபாரம். உங்கள் தாத்தா வேதமாணிக்கத்தின் வண்டி தக்கலையில் என் ஷெட்டில் முழுதாக நிற்கிறது. பெங்களூரில் ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார். ஆர்.சி. புத்தகம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பதால், வாரிசுகள் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் மாற்ற முடியும். உங்கள் அம்மாவும் போன பிறகு மிச்சமிருக்கிற வாரிசு இரண்டே பேர்: உங்கள் பெரியப்பா இஸ்ரவேல், அப்புறம் நீங்கள். அவர் போட்டுவிட்டார். நீங்கள் மஸ்கட்டிலிருந்து பங்கு கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "அப்பா ஆஸ்பத்திரில கிடக்கும்போ நீங்க பெரியப்பாட்ட போய்ச் சொன்னியளா? அவரு ஏன் வரல்ல? உள்ளதச் சொன்னா கையெழுத்துப் போடுவேன்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

நியாயமான விலைதான். இதைவிடக் கூடுதலாகக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் வேலை எப்படி என்று முதலில் சொல்லிவிட்டால் மற்றது எளிதில் விளங்கும். வண்டியைக் கண்டதும் நான் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்ப்பதில்லை. அது வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் செய்வது. இன்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பேன். சூடாக இருந்தால் நான் வருவதற்கு முன்பே ஒருமுறை கிளப்பி வைத்திருக்கிறார்கள், அதாவது ஏதோ கோளாறு இருக்கிறது. கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை டாங்கின்மேல் ஓட்டுவேன். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கும். கடைசியாக இன்ஜினிலும், சேஸ் என்கிற இரும்புச் சட்டத்திலும் வெட்டியிருக்கிற எண்களின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பேன். இரண்டு எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறதோடு ஒத்துப்போனால் அது வண்டி. ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இரும்பு. கொச்சியிலும் பெங்களூரிலும் உள்ள பணக்காரர்கள் காசை எடுக்குமுன் என்னைக் கூப்பிடுவது இதற்காகத்தான். வண்டியின் மாடல் வருஷத்தை நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

உங்கள் தாத்தா வண்டி 1949 மாடல். இங்கிலாந்தில் செய்தது, ஐந்நூறு சிசி, ஒற்றைச் சிலிண்டர். நெய்யூரில் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் கப்பலில் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது கம்பவுண்டராக இருந்த உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் இந்த மாதிரி மொத்தம் நாலுதான் இருக்கிறது. மூன்றுக்குப் பெயின்ட் புதிது. இது ஒன்றுதான் பிறந்த நிறத்தோடு இருக்கிறது.

அது இரண்டு துண்டாகக் கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தாத்தா 1993இல் போனார். ரப்பரையும் தென்னையையும் வயலையும் அண்ணனும் தம்பியும் ஒரே மத்தியானத்தில் பாகம் வைத்துக்கொண்டார்கள், ஒரு சொல் தடிக்கவில்லை. வண்டியில் வந்து முட்டிக்கொண்டது. பாகம் வைக்க வந்த பெரியவர்களுக்குப் பசி. இன்ஜின் தம்பிக்கு, மிச்சமெல்லாம் அண்ணனுக்கு என்று அவர்களில் ஒருவர் கேலியாகச் சொன்னதை இரண்டு பேரும் வீம்புக்குப் பிடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே முற்றத்தில் வைத்து இன்ஜினைக் கழற்றினார்கள். உங்கள் பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவர். அவர்தான் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாராம்.

நான் முதலில் பார்த்தது சேஸை. 2010இல், வேறு ஒரு வண்டி பார்க்க உங்கள் ஊருக்கு வந்தபோது, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற அறையின் உத்தரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷப் புகை அதன்மேல் படிந்து துரு அண்டாமல் காத்திருந்தது. விரலால் துடைத்தேன், கீழே பச்சை நிறம் அப்படியே இருந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. எண்ணைத் தேய்த்து எடுத்துக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் தையல் மிஷின் மாதிரி பூப்போட்ட துணி போர்த்தி இன்ஜின் இருந்தது. உங்கள் அம்மா ஜெபகுமாரி வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். அதையும் தேய்த்து எடுத்தேன். அந்த இரண்டு தாளையும் முகத்தோடு முகம் வைத்து மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் அவை அப்படியே இருந்தன.

இரண்டு வீட்டிலும் விலை சொன்னேன். தனி சேஸ், தனி இன்ஜின், இரண்டும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும் என்றேன். அது பொய் இல்லை. சேர்ந்தால் என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் விற்க மாட்டேன் என்றார்கள், அதுவும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையில்.

உங்கள் பெரியப்பா சொன்னது: "அவன் வந்து ஒரு வார்த்த கேக்கட்டு, சும்மா குடுப்பேன். கேக்க மாட்டான்."

உங்கள் அப்பா சத்தியநேசன் சொன்னது: "அண்ணன் ஒருக்க கேட்டாருன்னா நானே சொமந்து கொண்டு வைப்பேன் பிள்ளே. அவரு எங்க கேக்க."

இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்தால் ஐந்து நிமிஷம். ஒரு வாக்கியத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் அன்று மாலையே இன்ஜின் பூட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஓட்ட, தம்பி பின்னால் உட்கார, கோயிலுக்குப் போயிருப்பார்கள். பிறகு அந்த வண்டி எந்தக் காலத்திலும் விலைக்கு வராது. மழையிலும் சேற்றிலும் ஓட்டி, ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து சிவப்புப் பெயின்ட் அடித்து அதைக் கெடுத்திருப்பார்கள். அது நடக்கக் கூடாது என்று நான் தீர்மானித்தேன்.

அதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மனஸ்தாபம் உள்ள வீடுகளுக்கு நடுவே சொந்தக்காரன் போகக் கூடாது, அதே சபைக்காரனும் போகக் கூடாது, போனால் யாராவது ஒருவர் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்பது உங்கள் ஊர் வழக்கம். வெளி ஆள் ஒருவன்தான் போய்வர வேண்டும். நான் வெளியூர், உங்கள் சபையும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நானே வாய் ஆனேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவேன். போகும்போதெல்லாம் அங்கே இருப்பதை இங்கே சொல்வேன், குறையை மட்டும் பார்த்துச் சொல்வேன். அது எனக்குப் பழக்கமான வேலை.

ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்திருந்தேன். உங்கள் பெரியப்பா காணிக்கையாக ஒரு ஏத்தன் வாழைக்குலை வைத்திருந்தார், தாத்தா நட்ட மூட்டில் வெட்டியது. அதை உங்கள் அப்பா ஏலம் கேட்டார். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத பிறகும் தானே தன் விலையை ஏற்றிக்கொண்டு போனார். சபையே சிரித்தது. முன் பெஞ்சில் இருந்த உங்கள் பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது. மறுவாரம் உங்கள் அம்மா அந்தக் குலையில் பாதியைச் சீவி உப்பேரி வறுத்து, ஒரு பொதி கட்டி, அத்தானிடம், அதாவது உங்கள் பெரியப்பாவிடம், கொடுங்கள் என்று என்னிடம் தந்தார். அதை நான் வழியிலேயே தின்றேன், நன்றாக இருந்தது. தொலித்த தோலை மாட்டுத் தொட்டியில் போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். "உங்க குல மாட்டுத் தொட்டியில கிடக்கு, சாரே" என்று பெரியப்பாவிடம் சொன்னேன். தோல் மட்டும் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் காணிக்கைக்குக் குலை வைக்கவில்லை.

இரண்டு பேரும் திருவிருந்து எடுப்பதில்லை என்பதை நீங்களே சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். மனதில் பகை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக் கூடாது என்று உங்கள் தாத்தா பழக்கியது. அந்த நேரம் வந்ததும் அண்ணன் வடக்கு வாசல் வழியாகவும் தம்பி தெற்கு வாசல் வழியாகவும் எழுந்து வெளியே போவார்கள். நான் அதை ஒரு நல்ல அடையாளமாக வைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் வெளியே நிற்கிறவரைக்கும் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு அர்த்தம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

2022 ஜூனில் உங்கள் அப்பாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது, நாள் அதிகமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கை நீர்கோத்து வீங்கியிருந்தது. அவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதுகிறேன்.

"அண்ணனுட்ட சொல்லணும். இன்ஜின அவரே எடுத்துக்கிடட்டு. பூட்டி, அதுல கேறி இஞ்ச வரச் சொல்லு. சத்தம் கேட்டாலே நான் அறிவேன்."

சரி என்று புறப்பட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் பெரியப்பா வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். நான் சொன்னால் வண்டி முழுதாக அண்ணனிடம் போய்விடும். தம்பி செத்த பிறகு தம்பி தந்தது என்று அதைக் கும்பிடவே செய்வார், விற்க மாட்டார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது ஒரு சாயங்காலத்தில் போய்விடும். இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளது வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான்.

உங்கள் பெரியப்பா முற்றத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. தம்பிக்கு முடியவில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யாரும் கூப்பிடாவிட்டாலும் போவது என்று அவர் முடிவு பண்ணியிருந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சேஸை உத்தரத்திலிருந்து இறக்கித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய் அவரே சாயா போட்டுக்கொண்டு வந்தார். பால் விடாத கட்டன் சாயா, சீனி கூடுதல். வாங்கிக் குடித்தேன். முழுவதும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவன் வல்லதும் சொன்னானா தாசே?" என்று கேட்டார்.

"செத்தாலும் எனக்க முகத்துல முழிக்கண்டாம்னு சொன்னாரு, சாரே."

இது உங்கள் அப்பா சொன்ன வார்த்தைதான். 1994இல் கருங்கல் சந்தைக்குப் போகிற வழியில், நாலு பேர் கேட்க அண்ணனைப் பார்த்துச் சொன்னது. உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் வார்த்தையை மாற்றவில்லை, வருஷத்தை மட்டும் மாற்றினேன்.

  அவர் சட்டைப் பொத்தானை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றின சட்டையை அந்த மடிப்பிலேயே திரும்ப மடிக்கப் பார்த்தார், மடிப்பு ஒத்து வரவில்லை. நான் வாங்கி மடித்துக் கொடுத்தேன்.

திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் அப்பாவிடம், சொல்லிவிட்டேன், அண்ணன் வருகிறேன் என்றார் என்று சொன்னேன். வர மாட்டார் என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்து வேறு யாரையாவது, அனேகமாகப் போதகரை, அனுப்பியிருப்பார். வருகிறார் என்று சொன்னால் யாரையும் அனுப்ப மாட்டார். உங்கள் அம்மா தானே போய்க் காலில் விழுந்து கூப்பிடுகிறேன் என்றார். பெண்பிள்ளை போனால் அத்தானுக்குக் கூச்சமாகிவிடும், இன்ஜினை எடுத்துக்கொண்டுபோய்ப் பூட்ட இரண்டு நாளாவது வேண்டாமா என்று நான்தான் தடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் உங்கள் அப்பா இருந்தார். ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொன்னார். நானும் தினம் போய் உட்கார்ந்தேன், யார் வந்து என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே ஏதாவது மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்போதெல்லாம் கண்ணைத் திறப்பார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது நம்ம வண்டி இல்ல" என்பார். ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அவ்வளவு நல்ல காது என் தொழிலில் இருக்கிறவர்களுக்குக்கூடக் கிடையாது. கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. சத்தம் கேட்டால் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

நீங்கள் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்த பிறகு அடக்கம் நடந்தது. உங்கள் பெரியப்பா வரவில்லை என்றுதான் உங்கள் நினைப்பு. வந்தார். கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு அந்தப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு இடையில் நின்றார். செத்தாலும் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று சொன்னவனுடைய முகத்தைப் பார்க்காமல், பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவரைப் பார்த்தது நான் ஒருவன்தான். உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். அப்போது சேஸ் என் கைக்கு வரவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் உங்கள் அம்மா இன்ஜினை எனக்குச் சும்மா கொடுத்தார். எங்களுக்காக ஓடினவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லி, போர்த்தியிருந்த பூத்துணியோடு கொடுத்தார். நான் விலை சொன்னேன், அவர் வாங்கவில்லை. உங்கள் பெரியப்பாவும், "கொண்டு போ, எனக்குக் காணண்டாம்" என்று சேஸையும் ஆர்.சி. புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவரிடம் முன்பு சொன்ன இரும்பு விலையை, ஒரு ரூபாய் குறைக்காமல், மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

புதுப் போதகர் அவரிடம் போய், தம்பிதான் போய்விட்டானே, இனித் திருவிருந்து எடுக்கலாமே என்று சொன்னாராம். "அவன் என்னை மன்னிக்காமலாக்கும் போனான்" என்று சொல்லிவிட்டாராம். இப்போதும் அந்த நேரம் வந்தால் வடக்கு வாசல் வழியாக வெளியே போய் நிற்கிறார்.

இன்ஜினைப் பூட்டிய அன்று என் பர்சிலிருந்த இரண்டு தாளையும் எடுத்து எண்களை ஒருமுறை சரிபார்த்தேன். எல்லாம் ஒத்துப்போனது. மூன்றாவது உதையில் எழும்பியது. உங்கள் அப்பா சொன்னது சரிதான், ஒருமுறை கேட்டவனுக்கு அந்தச் சத்தம் வேறு எதோடும் மாறாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு யாருடைய கைக்குப் போயிருந்தாலும் இன்று அந்த வண்டி இந்த நிலையில் இருக்காது.

இதோடு படிவத்தை வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன், பெரியப்பா கையெழுத்துக்குப் பக்கத்துக் கட்டங்கள். அவருக்கு இப்போது கண் சரியில்லை, விரலைப் பிடித்து இடம் காட்ட வேண்டியிருந்தது. இதற்குப் பக்கத்தில் யார் போடுவார்கள் என்று கேட்டார். சத்தியநேசனுடைய பிள்ளை என்று சொன்னேன். அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகப் போதகர்களாலும் ஊர்ப் பெரியவர்களாலும் முடியாமல் போனதை, இரண்டு வீட்டுப் பெயரையும் ஒரே தாளில் கொண்டுவருவதை, கடைசியில் நான் செய்திருக்கிறேன். அதை நீங்களும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்ததும் அவரிடம் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும், அது இயல்புதான். ஆனால் போனில் பேசினால் அவருக்குக் காது கேட்காது. எழுதினால் வாசிக்க முடியாது. அந்த வீட்டுக்குப் போய்வருகிற ஆள் இப்போது நான் ஒருவன்தான். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கையெழுத்தோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நான் போய்ச் சொல்லிவிடுகிறேன்.